சாப்பாடுதான் சம்பளம்!

"அம்மா, இருபத்து மூணு பேருக்கு ஆறு நாள் சமைச்சுப் போட முடியுமா உன்னால?"

2024 ஏப்ரலில் ஒரு ராத்திரி, தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு என் மகன் இப்படிக் கேட்டான். "யாருக்குடா கல்யாணம்?" என்றேன். "கல்யாணம் இல்லம்மா. சினிமா எடுக்கப் போறோம்" என்றான்.

பயந்துவிடாதீர்கள் சகோதரிகளே! கோடிக்கணக்கில் பணம் புரளும் சினிமா இல்லை இது. பகலில் ஏதேதோ உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ராத்திரியில் சினிமாக் கனவு காணும் ஒரு பிள்ளைக் கூட்டம். ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பைப் போட்டு, ஆறு நாள் லீவு எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரப் படம் ஒன்று எடுப்பதாகத் திட்டம். காமிராவுக்கும் விளக்குகளுக்கும் வாடகை கட்டியதிலேயே கைப்பணம் கரைந்துவிட்டது. நடிக்கிறவர், காமிரா பிடிக்கிறவர், மேக்கப் போடுகிறவர் யாருக்கும் சல்லிக் காசு சம்பளம் கிடையாது. பேட்டாவும் கிடையாது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் மாமனார் கட்டிய பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அதுதான் ஸ்டூடியோ, அதுதான் லாட்ஜ், அதுதான் ஓட்டல்!

"முடியாதுன்னு சொல்லிடு. இடுப்பு வலின்னு அப்புறம் என்கிட்ட வந்து முனகாதே" என்றார் என் வீட்டுக்காரர். நான் முடியும் என்றேன். அந்த ஆறு நாளில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. சினிமா வேண்டாம், கோயில் திருவிழா, ஊர்ப் பொதுவேலை, வீடு மாற்றுகிற நாள்... காசு வாங்காமல் நமக்காக நாலு பேர் உழைக்கிற சந்தர்ப்பம் எல்லார் வீட்டிலும் வரும். அப்போது அவர்களுக்கு நாம் கொடுக்கும் சம்பளம் சாப்பாடு ஒன்றுதான். சம்பளத்தைத் தள்ளிப் போடலாமா? குறைக்கலாமா? கூடாதல்லவா!

முதலில் கணக்கு

23 பேர் என்றால் 25 பேருக்குச் சமைக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர், வண்டி ஓட்டி வந்தவர் என்று இரண்டு வயிறு எப்படியும் கூடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பெரியவர் ஒருவருக்கு 125 கிராம் அரிசி என்பது என் வழக்கமான கணக்கு. முதல் நாள் அப்படித்தான் 3 கிலோவும் ஒரு கை கூடுதலும் போட்டேன். ஒன்றரை மணிக்கு அண்டாவின் அடி தெரிந்துவிட்டது. வெயிலில் விளக்கையும் ஸ்டாண்டையும் தூக்கிச் சுமக்கிற பிள்ளைகளுக்கு ஆபீஸில் உட்காருகிறவர்கள் கணக்கு சரிப்படுமா? மறுநாளிலிருந்து ஆளுக்கு 150 கிராம், அதாவது 3¾ கிலோ. சரியாக இருந்தது.

மற்ற அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் 25 பேருக்கு ஒரு வேளைக்கு:

சாம்பாருக்குத் துவரம் பருப்பு 1 கிலோ. பொரியலுக்குக் காய் 2½ கிலோ. இட்லிக்கு 2 கிலோ இட்லி அரிசி, ½ கிலோ உளுந்து. நூறு இட்லிக்குக் குறையாமல் வரும், ஆளுக்கு நாலு. உப்புமாவுக்கு ரவை 1¾ கிலோ. சுண்டலுக்குக் காய்ந்த கடலை 1 கிலோ. நீர்மோருக்கு 2 லிட்டர் தயிர், 8 லிட்டர் தண்ணீர். பெரிய டம்ளரில் இரண்டு டம்ளர் கிடைக்கும். டீக்குப் பால் 1½ லிட்டர், தண்ணீர் 1 லிட்டர், தூள் 50 கிராம், சர்க்கரை ¼ கிலோ. கோழிக் குழம்பு என்றால் கறி 4 கிலோ.

தண்ணீரை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் ஆளுக்கு 4 லிட்டராவது வேண்டும். தினம் 20 லிட்டர் கேன் ஐந்து வாங்கினோம்.

ஆறு நாளைக்கு மளிகை, பால், காய்கறி, காஸ், பாத்திர வாடகை எல்லாம் சேர்த்து 20,700 ரூபாய் ஆயிற்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய். ஓட்டலில் இரண்டு வேளை டிபனுக்கே இந்தக் காசு போய்விடும்!

ஒருத்திக்கு மட்டும் சம்பளம்

தனியாக என்னால் முடியாது என்பது தெரியும். அதே தெருவில் கல்யாண வீடுகளுக்குக் கைவேலைக்குப் போகும் ஓர் அக்கா இருந்தார். "நாங்க எல்லாருமே சும்மாதானே வேலை செய்யறோம்? அவங்களும் ஒரு ஆசைக்கு வரமாட்டாங்களா?" என்று பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்.

அங்கேதான் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். "நீங்க கனவுக்காக உழைக்கறீங்க. படம் நல்லா வந்தா பேரு உங்களுக்கு. அந்த அக்காவுக்கு இது கனவு இல்லப்பா, பிழைப்பு" என்றேன். ஒரு நாளைக்கு 600 ரூபாய், ஆறு நாளைக்கு 3,600. வாடகைக்கு எடுப்பதாக இருந்த ஒரு லென்ஸை வேண்டாம் என்று சொல்லி அந்தப் பணத்தை எடுத்தார்கள். லென்ஸ் இல்லாமல் படம் எடுத்துவிட்டார்கள். அக்கா இல்லாமல் இருந்திருந்தால் ஒரு நாள்கூட ஓடியிருக்காது!

மிக்ஸிக்குத் தடை உத்தரவு

சமைப்பது எனக்குப் புதிதா என்ன? படப்பிடிப்பு நடக்கிற வீட்டில் சமைப்பதுதான் புதிது. இந்தப் பிள்ளைகள் பேச்சை அப்போதைக்கப்போதே பதிவு செய்கிறார்கள். நான் மிக்ஸியைப் போட்டால் கதாநாயகியின் அழுகைக்குள்ளே சட்னி அரைபடுகிறது! குக்கர் விசில் வந்தால் "கட்!" தாளித்தால்கூட "ஆன்ட்டி, ப்ளீஸ்..."

அதனால் அரைக்கிற வேலை எல்லாம் காலை ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். பருப்பைக் குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டோம். துவையலுக்கு அம்மி. "இருபது வருஷம் கழிச்சு அம்மியைத் தொடறேன்" என்று அக்கா சிரித்தார்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். கதாநாயகன் இட்லி சாப்பிடுகிற காட்சி. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தட்டில் அதே மூன்று இட்லி, அதே இடத்தில் சட்னி இருக்கவேண்டுமாம். ஒன்பது முறை எடுத்தார்கள். 27 இட்லி! ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான் தின்றான் என்றாலும், மதியம் இலை முன்னால் உட்கார்ந்த பிள்ளை பரிதாபமாக என்னைப் பார்த்தான். நல்லவேளையாக முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தனியாக மாவு வைத்திருந்தேன். திரையில் தின்கிற சாப்பாட்டையும் வயிற்றுக்கான சாப்பாட்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் யாராவது ஒருவர் பட்டினி கிடக்க நேரும்.

இரண்டாம் நாள்...

இனிமேல் சொல்லப்போவதை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

படத்தில் தாத்தா வேஷம் ஒரு பெரியவருக்கு. ஒரு காலத்தில் நாடகங்களில் நடித்தவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் போய்க் கேட்டதும், "நான் நடிக்கிறதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. கூப்பிட்டீங்களே, அதுவே போதும்" என்று வந்துவிட்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்தோம். சமையல் முடிந்து இலையும் நறுக்கி வைத்தாயிற்று. திண்ணையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சாப்பிட வாங்கப்பா" என்று எட்டிப் பார்த்தேன். "இன்னும் ஒரே ஒரு ஷாட்மா" என்றான் மகன். ஒன்றரை. "வெளிச்சம் போயிடும்மா, கொஞ்சம் இரு." இரண்டு. "இது முடிஞ்சா பிரேக்." சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல்.

இரண்டேகாலுக்கு மறுபடியும் வாசல் பக்கம் போனேன். பெரியவர் கடிதம் படிக்கிற காட்சி. கை நடுங்குகிறது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வழிகிறது. வசனம் குழறுகிறது. "சூப்பர் சார், அப்படியே இருங்க!" என்று பிள்ளைகள் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அப்பாவுக்கு இருபது வருஷம் சர்க்கரை வியாதி. அந்த வேர்வையை நான் பார்த்திருக்கிறேன். அது நடிப்பு இல்லை.

"நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "ஐயா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்றேன். அவர் மலங்க மலங்க விழித்துவிட்டுத் தலையசைத்தார். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று நம்பி, முக்கால் மணிக்கே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது, சாப்பாடுதான் வரவில்லை.

அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். தானாகவே டம்ளரைப் பிடித்து விழுங்கினார். அவர் பையில் இருந்த சிறு கருவியில் விரலைக் குத்திப் பார்த்தபோது 58 காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே குறைவு. பதினைந்து நிமிஷம் கழித்து 92. உடனே பிசைந்த சாதம் கொடுத்தோம். அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்து பேசினோம். ராத்திரியும் ஒரு தரம் சோதித்துப் பார்க்கச் சொன்னார்.

"ஏன் ஐயா, பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சின்னப் பசங்க எல்லாம் சாப்பிடாம நிக்குறப்ப நான் மட்டும் எப்படிம்மா கேக்குறது?" என்றார்.

சகோதரிகளே, சம்பளம் வாங்குகிறவன் "நேரமாச்சு" என்று கேட்பான். அன்புக்காக வந்தவர்கள் வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். அதனால்தான் நாம் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டவர்களுக்குத் திடீர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் இவை வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். சோதித்துப் பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியவர்கள் பட்ட பாடு

அன்று ராத்திரி மகன் சாப்பிடாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். தட்டை எடுத்துக்கொண்டு போனேன். "படத்தை நிறுத்திடலாம்மா" என்றான்.

"நிறுத்த வேண்டாம். சரியா எடு" என்றேன்.

காசில்லாமல் படம் எடுத்தவர்கள் உலகத்தில் இவர்கள் மட்டுமா? சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' படத்தை 1952-ல் ஆரம்பித்தபோது விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காமிராமேன் சுப்ரத மித்ராவுக்கு அப்போது சின்ன வயசுதான். அதற்கு முன் ஒரு படத்துக்குக்கூட ஒளிப்பதிவு செய்ததில்லை. பணம் தீர்ந்து படப்பிடிப்பு பலமுறை நின்றது. ராயின் மனைவி விஜயா தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்தார். கடைசியில் மேற்கு வங்க அரசாங்கம் பணம் தந்து, 1955-ல்தான் படம் வெளிவந்தது. அதில் மிட்டாய்க்காரர் பின்னால் இரண்டு குழந்தைகளும், அவர்களுக்குப் பின்னால் ஒரு நாயும் போகிற காட்சி வரும். நாய் நகரவே மாட்டேன் என்றதாம். துர்காவாக நடித்த பெண், கையில் சந்தேஷ் இனிப்பை மறைத்துப் பிடித்துக்கொண்டு நடந்த பிறகுதான் பின்னாலேயே வந்ததாம்! நாய்க்கே சம்பளம் சாப்பாடுதான், பார்த்தீர்களா?

நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் என்ற இளைஞர், சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் மட்டும் எடுத்து, நாலு வருஷம் இழுத்து ஒரு படத்தை முடித்தார். 1987-ல் வெளிவந்தது. அதில் வரும் வேற்றுக்கிரக வாசிகளின் முகமூடிகளை அவர் வேகவைத்தது எங்கே தெரியுமா? அம்மாவின் சமையலறை ஓவனில்! அதே ஜாக்சன்தான் பின்னால் 2004-ல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிசு வாங்கினார்.

நம் ஊரில் விஜயகாந்தைப் பற்றி எல்லாரும் நினைவுகூர்வது எதை? தம் படப்பிடிப்பில் பெரிய நடிகருக்கு ஒன்று, லைட்மேனுக்கு ஒன்று என்று இல்லாமல் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போட்டதைத்தான். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது, படங்களைப் பற்றிப் பேசியவர்களைவிட அவர் போட்ட சோற்றைப் பற்றிப் பேசியவர்கள் குறைவில்லை.

இதை எல்லாம் பேசிக்கொண்டே அவன் தட்டைக் காலி செய்தான். மறுநாள் காலையில் புதுச் சட்டம் வந்தது.

புதுச் சட்டம்

ஒன்று: மதியம் ஒரு மணிக்கு நான் கரண்டியால் தட்டைத் தட்டுவேன். எந்த ஷாட் ஓடினாலும் அதோடு சரி. பிரேக் விடுகிற அதிகாரம் டைரக்டருக்கு இல்லை, சமையலறைக்கு!

இரண்டு: எல்லாரும் ஒரே பந்தி, ஒரே சாப்பாடு. விளக்குப் பிடிக்கிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் முதல் வரிசை. டைரக்டர் கடைசி வரிசை. கடைசியில் உட்கார்ந்தால்தானே பற்றாக்குறை என்ன என்று அவனுக்குத் தெரியும்?

மூன்று: ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. என்ன வியாதி, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எது ஒத்துக்கொள்ளாது? இதை முதல் நாளே கேட்காதது என் தப்பு. எழுதி வாங்கியதில் ஒரு பெண்ணுக்கு நிலக்கடலை பட்டாலே உதடு வீங்கும் என்று தெரிந்தது. அன்று சாயந்தரம் நான் ஊறப்போட்டிருந்தது என்ன தெரியுமா? நிலக்கடலைதான்! அதை அப்படியே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் அவல் கலந்தேன்.

நான்கு: பெரியவருக்கு முதலில் இலை போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் ஊசி.

திரும்பி வந்த தண்ணீர்

மூன்றாம் நாள் படப்பிடிப்பு வாய்க்கால் கரைத் தென்னந்தோப்பில். வீட்டிலிருந்து ஒன்றரை மைல் இருக்கும். சாப்பாடு கட்டி அனுப்பினோம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் பேர் எழுதிக் கொடுத்தேன். சாயந்தரம் பாட்டில்களைக் கழுவ எடுத்தபோது கவனித்தேன். பையன்கள் பாட்டில் எல்லாம் காலி. பெண்கள் ஆறு பேர் பாட்டில்களும் முக்கால்வாசி அப்படியே இருந்தன.

மேக்கப் போடுகிற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க போறதுக்கு இடம் இல்லையே ஆன்ட்டி... அதான் குடிக்கல" என்றாள். ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே நீர் பிரியும்போது எரிச்சல் வேறு.

எனக்குச் சுருக்கென்றது. நானும் பெண்தான். வயிற்றுக்கு என்ன போடலாம் என்று ஆயிரம் யோசித்தேன், இதை யோசிக்கவில்லையே! அடக்குவதும், அதற்காகத் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, அடிவயிற்று வலி இருந்தால் பார்லித் தண்ணீரோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டவேண்டும். காய்ச்சலோ குளிரோ முதுகு வலியோ சேர்ந்தால் அன்றைக்கே காட்டவேண்டும். அந்தப் பெண்ணை அன்று சாயந்தரமே கூட்டிக்கொண்டு போனோம். சோதனை செய்து மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிரித்த முகமாகிவிட்டாள்.

தோப்புக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீடு. மறுநாள் காலை நானே போய் அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதைக் கேக்கவாம்மா தயங்குனீங்க? நம்ம வீட்டுப் புள்ளைங்க மாதிரி வந்துட்டுப் போவட்டும்" என்று கொல்லைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து மதியம் அந்த வீட்டுக்கும் ஒரு தூக்குச் சாப்பாடு போயிற்று. பாட்டில்கள் எல்லாம் காலியாகத் திரும்பி வந்தன. படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போகிற பிள்ளைகளே, வெளிச்சம் எங்கே வருகிறது என்று பார்க்கும்போதே கழிப்பறை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்!

கெட்டுப்போகாமல் காக்க

கோடையில் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் கவனம் தேவை. சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியில்கூடச் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த விஷம் போகாது. அதனால் ஒன்று ஆவி பறக்க ஹாட்பாக்ஸில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள், கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும்.

தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கு மசாலாவும் தோப்புக்குப் போகவில்லை. தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி, ஊறுகாய், வறுத்த அப்பளம் போயின. தயிர் சாதத்தைக் கலந்து அனுப்பாமல், சாதம் தனியாக, தயிர் தனியாகக் குளிர் பெட்டியில் அனுப்பிப் பந்தியில் கலந்தோம். பரிமாறுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கரண்டியைத் தொடக்கூடாது. மீந்த சோற்றை ராத்திரிக்கு எடுத்து வைக்கிற பழக்கத்தை அந்த ஆறு நாளும் மூட்டை கட்டி வைத்தேன்.

ஒருவருக்கு வயிறு போனது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்பு கரைத்து நாள் முழுக்கக் கொடுத்ததில் சரியாயிற்று. இந்த அளவைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது அவசியம்.

நாங்கள் போட்ட சாப்பாடு

எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன். காலையில் இட்லி, பொங்கல், ரவை உப்புமா, சேமியா என்று மாற்றி மாற்றி. பதினொரு மணிக்கு நீர்மோர். மதியம் சாதம், சாம்பார் அல்லது வற்றல் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். நாலரைக்குச் சுண்டலோடு டீ. ராத்திரி சப்பாத்தி அல்லது கோதுமை ரவைக் கஞ்சி, துவையல். நாலாம் நாள் முட்டைக் குழம்பு. கடைசி நாள் கோழிக் குழம்பு. கறி சாப்பிடாத ஐந்து பேருக்கு அதே ருசியில் பலாக்காய்க் குழம்பு. இனிப்பு இரண்டே தரம். பாயசம் போட்ட நாளில் வேலை அரை மணி முன்னாலேயே முடிந்தது என்பது என் கண்டுபிடிப்பு!

திரையில் ஒரு பெயர்

2025 பொங்கல் விடுமுறையில் படத்தை அதே வீட்டு மொட்டை மாடியில், வெள்ளை வேட்டியைக் கட்டி எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரியவர் முன் வரிசையில். பக்கத்தில் அக்கா. தோப்பு வீட்டுப் பெரியம்மாவும் வந்திருந்தார்.

கடிதம் படிக்கிற காட்சி வந்தது. பெரியவர் நிதானமாக, தெளிவாகப் படித்தார். கை நடுங்கவில்லை. நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கு எடுத்ததுதான் ரொம்ப நல்லா வந்திருந்துதும்மா. எல்லாரும் அதையே வெக்கச் சொன்னாங்க" என்றான். "அழிச்சுட்டேன். ஐயாவை வெச்சுக் கடைசி நாள் மறுபடி எடுத்தோம். சாப்பிட்டப்புறம்."

கடைசியில் பெயர்கள் ஓடின. சமையல் என்று போட்டு முதலில் அக்காவின் பெயர், அடுத்தது என் பெயர். அப்படித்தான் போடச் சொல்லியிருந்தேன். அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் எங்கே போகும், எவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உழைக்க வந்த ஒருவரும் எங்கள் வீட்டிலிருந்து பசியோடு திரும்பவில்லை.

நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். முடியும் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அண்டா கரண்டியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேளுங்கள்: "யாரெல்லாம் வரப்போறாங்க? யாருக்கு என்ன ஒத்துக்காது? யாரு எத்தனை மணிக்கு மருந்து சாப்பிடணும்?"

அடுப்பை அப்புறம் பற்ற வைத்துக்கொள்ளலாம்.